தொடர்பில்லாத மூவர்

பாப்பாவுக்கு ஊசி போட்டபோது அவள் அழவில்லை. சண்டை அதிலிருந்துதான் தொடங்கியது.

நர்ஸ் பாராட்டினாள். "சமத்து. இந்த வாரத்துல அழாத முதல் குழந்தை இதுதான்" என்றாள். கூட வந்திருந்த அத்தைக்கு முகம் சுருங்கியது. அத்தை என் மாமியார். பேத்திக்கு ஊசி போடப் போகிறார்கள் என்று தெரிந்த காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தவர், ஊசி போட்ட பிறகு வேறு காரணத்துக்காக அழுதார்.

"நாலரை வயசுக் குழந்தை. ஊசி இறங்குறத வெறிச்சுப் பாக்குது. யாரைப் பாத்துக் கத்துக்கிச்சுன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி இறந்து பதினொரு மாதம். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை போனாள். அன்று நான் ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொன்னேன். படிவங்களை நிரப்பினேன். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். முப்பத்திரண்டு நாற்காலி. அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. அத்தை அன்று மூன்று முறை மயங்கி விழுந்தார். ஒவ்வொரு முறை கண் திறந்தபோதும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். மாமா முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் பயணி மட்டும்தான். ஓட்டுவது அத்தை.

"ஒண்ணாம் தேதியிலேருந்து பாப்பா எங்களோட இருக்கட்டும்" என்றார் அத்தை.

"ஏன் அத்தை?"

"நீங்க நல்லவர்தான் மாப்பிள்ளை. நான் இல்லன்னு சொல்லல. குடிக்கிறதில்ல, அடிக்கிறதில்ல, நேரத்துக்கு வீட்டுக்கு வர்றீங்க. கடிகாரமும்தான் நேரத்துக்கு மணி அடிக்குது. அதுகிட்ட யாராவது பிள்ளைய விட்டுட்டுப் போவாங்களா? குழந்தையும் கல்லாகிட்டு வருது."

மாமா கூரையைப் பார்த்தார்.

விட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இயற்பியல் படித்தவன். விளக்கம் சொன்னேன்.

"சிலர் பிறவியிலேயே அப்படித்தான் அத்தை. ஜீன்ல இருக்கு. எனக்கு வலி கம்மியா இருக்கலாம். பாப்பாவுக்கும் அது வந்திருக்கலாம். வளர்ப்பு காரணம் இல்ல."

"யார் சொன்னா?"

"ஆராய்ச்சி நடக்குது."

பொய் இல்லை. எடைக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. கடைகள், தொழிற்சாலைகள், ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் எடைக்கற்களை எடுத்துக்கொண்டு போவேன். ஆய்வுக்கூடத் தராசு என்றால் ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒப்புதல் முத்திரை கிடையாது. சென்ற வாரம் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் தராசைப் பார்க்கப் போனபோது கதவில் ஒரு அறிவிப்பைக் கண்டேன். ஒரே மாதிரி அடி பட்டாலும் ஏன் ஒருவருக்கு அதிகம் வலிக்கிறது, ஒருவருக்குக் குறைவாக வலிக்கிறது, பதற்றத்தை ஒருவர் உடல் எப்படி எடுத்துக்கொள்கிறது, இதில் பிறவியின் பங்கு என்ன என்று பார்க்கிறார்களாம். எச்சில் கொடுக்க வேண்டும், பனிக்கட்டி நீரில் கை வைக்க வேண்டும். அடியில் பெரிய எழுத்தில் "குடும்பத்துடன் வருக" என்று போட்டிருந்தது.

இதை அத்தையிடம் சொன்னேன். அத்தை யோசித்தார்.

"சரி. நீங்க பிறவியிலேயே இப்படித்தான்னு அங்க சொல்லட்டும், பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வாயத் திறக்க மாட்டேன். எல்லாரையும் போல உங்களுக்கும் வலிக்குதுன்னு சொன்னாங்கன்னா, வலிச்சும் என் பொண்ணுக்காக ஒரு சொட்டு கண்ணீர் விடல நீங்கன்னு அர்த்தம். பாப்பாவ நான் கூட்டிட்டுப் போயிடுவேன். சரியா?"

"சரி."

நியாயமான ஒப்பந்தமாகத்தான் தெரிந்தது. எண் பொய் சொல்லாது என்பது என் தொழில் நம்பிக்கை.

"யாரு ரொம்ப நேரம் கை வைக்கிறாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்களா?" என்றார் மாமா.

"போட்டி இல்ல மாமா."

"அது தெரியும். எவ்வளவு நேரம்?"

மறுநாள் முதல் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஐஸ் தங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வியாழக்கிழமை நால்வரும் போனோம். ஆராய்ச்சி டாக்டர் சின்னப் பெண். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டே எங்களை வரவேற்றாள்.

"குடும்பமா? ரொம்ப நல்லது. இவங்க உங்க அம்மாவா?"

"மாமியார்."

"ஓ. அப்போ உங்களுக்கும் இவங்களுக்கும் ஜீன் வழியா தொடர்பு இல்ல."

"என்னம்மா இது?" என்றார் மாமா. "பொண்ணக் குடுத்திருக்கோம். தொடர்பு இல்லன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்ட?"

"ரத்த சொந்தம் இல்லன்னு சொன்னேன் சார். நீங்க ரெண்டு பேரும்?"

"புருஷன் பொண்டாட்டி."

"அப்போ உங்க ரெண்டு பேருக்கும் தொடர்பு இல்ல."

"நாப்பது வருஷமா நானும் இதத்தான் சொல்றேன். யார் கேக்குறா?"

அத்தை அவரைப் பார்த்த பார்வையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

டாக்டர் என் மடியில் இருந்த பாப்பாவைக் காட்டினாள். "உங்க எல்லாரையும் சேக்குற ஒரே ஆள் இவங்கதான். ஆனா பதினெட்டு வயசுக்குக் கீழ எடுக்க மாட்டோம். ஜீன் கணக்குல பாத்தா இவங்ககிட்ட அப்பா பாதி, அம்மா பாதி. அம்மா வழியா நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஏறக்குறைய கால்வாசி."

"கால்வாசிதானா?" அத்தையின் குரல் உயர்ந்தது. "பிரசவத்துக்குப் பக்கத்துல நின்னது நானு. இவர் வெளிய நின்னு படிவம் நிரப்பிட்டு இருந்தாரு. இவருக்குப் பாதி, எனக்குக் கால்வாசியா?"

"கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்மா."

"எவ்வளவு முன்ன?" என்றார் மாமா.

டாக்டர் கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு எங்களை முதல் முறையாகத் தெளிவாகப் பார்த்தாள். அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ரத்த சொந்தம் இல்லாதவர்களும் தேவை, அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். எங்கள் மூவரின் சட்டையிலும் சேலையிலும் ஆளுக்கொரு அட்டை குத்தப்பட்டது. "தொடர்பில்லாத நபர்" என்று அதில் அச்சிட்டிருந்தது. அத்தை தன்னுடையதை முந்தானையால் மறைத்துக்கொண்டார்.

முதலில் எச்சில். சிறிய குழாய் ஒன்றில் கோடு வரை துப்ப வேண்டும். மாமா முடித்துவிட்டு இன்னொரு குழாய் கேட்டார். அத்தையும் முடித்துவிட்டார். எனக்கு வரவில்லை. பத்து நிமிடம் முயன்றும் அடியில் ஒரு சொட்டுதான்.

"எச்சிலே வரல பாருங்க டாக்டர்" என்றார் அத்தை. "கண்ணீர் எங்கேருந்து வரும்?"

புளிப்பாக எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னாள் டாக்டர். மூன்றாம் வகுப்பில் தின்ற ஒரு எலுமிச்சை மிட்டாயை நினைத்து ஒருவழியாகக் கோட்டைத் தொட்டேன்.

அதற்குள் மாமா கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். டாக்டருக்கும் விளக்குவதில் ஆசை இருந்தது.

"நரம்புல சின்னச் சின்னக் கதவு மாதிரி இருக்கு சார். அடி பட்டா அது திறந்து மூளைக்குச் சேதி போகும். சிலருக்கு லேசா தொட்டாலே திறக்கும். சிலருக்கு இடிச்சாத்தான் திறக்கும். அந்தக் கதவ எப்படிச் செய்யணும்னு ஜீன்ல எழுதியிருக்கு. அதே மாதிரி, பதற்றம் வந்தா உடம்புல சில ரசாயனம் ஊறும். அதத் துடைச்சு எடுக்குற வேகமும் ஆளுக்கு ஆள் வேற."

"என் கதவு இரும்புக் கதவு" என்றார் மாமா. "மரத்துப்போற ஊசி இல்லாம பல்லு புடுங்கினவன் நானு."

"ஆடிட்டு இருந்த பல்லு" என்றார் அத்தை.

"ஆனா ஒரே ஒரு ஜீனக் காட்டி இதுதான்னு சொல்ல முடியாது" என்றாள் டாக்டர். "நூத்துக்கணக்குல இருக்கு. அதோட தூக்கம், பழக்கம், பயம், துக்கம் எல்லாம் கலந்து வரும்."

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நான் வந்தது முத்திரைக்கு.

பாப்பாவை வெளியே நர்ஸிடம் பிஸ்கட்டோடு உட்கார வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனோம். ஒரு மேஜை, அதன் மேல் நீலத் தொட்டி, அதில் பனிக்கட்டியும் நீரும். நீரைக் கலக்க ஒரு சிறு மோட்டார். பழக்க தோஷத்தில் வெப்பமானியைப் பார்த்தேன். மூன்று டிகிரி. விரலில் ஒரு கவ்வியும் நெஞ்சில் இரண்டு ஒயரும் மாட்டுவார்கள். இதயத் துடிப்பு திரையில் ஓடும். திரை கை வைப்பவருக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும்.

"மணிக்கட்டு வரைக்கும் கை உள்ள இருக்கணும். தாங்க முடியலன்னா எடுத்துடலாம். மூணு நிமிஷத்துக்கு மேல நாங்களே விட மாட்டோம்" என்றாள் டாக்டர்.

மாமா முதலில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் முன் உட்காருவது போல நாற்காலியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கையை வைக்கும் முன்பே துடிப்பு தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியிருந்தது. வைத்தார். பதினான்கு நொடியில் எடுத்தார்.

"தண்ணில ஏதோ கலந்திருக்கு."

"வெறும் தண்ணிதான் சார்."

"வீட்டு ஐஸ் இப்படி இல்லையே. மாப்பிள்ளை, அந்த டிகிரி மீட்டரப் பாருங்க."

"சரியாத்தான் இருக்கு மாமா."

"நீங்களும் அவங்க ஆளா?"

அடுத்து அத்தை. கை நீரைத் தொட்டதும் அலறினார். வெளியே பிஸ்கட் தின்கிற சத்தம் நின்றது. ஐந்தாவது நொடியில் கண்ணீர் வந்தது. இருபதாவது நொடியில் டாக்டரைத் திட்டினார். நாற்பதாவது நொடியில் அவளைப் பெற்றவர்களை விசாரித்தார். ஒரு நிமிடத்தில் இந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வரைக்கும் போய்விட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"அம்மா, எப்ப வேணா எடுத்துடலாம்."

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

மூன்று நிமிடம் முடிந்தது. டாக்டர்தான் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள். திரையில் நூற்று நான்கு. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே துண்டை வாங்கினார்.

"இந்த மாசத்துல மூணு நிமிஷம் முடிச்சவங்க நாலே பேர். நீங்க அஞ்சாவது" என்றாள் டாக்டர்.

மாமா அத்தையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "இவ்வளவு கத்தினியே, எடுத்திருக்கலாம்ல?"

"கத்துறது வேற, தாங்குறது வேற. ரெண்டையும் ஒண்ணா செய்யத் தெரியாதா எனக்கு?"

பிறகு நான்.

முதல் அரை நிமிடம் குளிர். பிறகு எலும்பைப் பிடித்து முறுக்குவது போல ஒன்று. பெரிய வலி என்று தெரிந்தது. சுவரில் தீயணைப்புக் கருவியின் பரிசோதனை அட்டை தொங்கியது. கடைசியாகப் பார்த்த தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதைப் படித்தேன். தாங்க முடியாவிட்டால் எடுக்கலாம் என்றிருந்தாள் டாக்டர். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். வரவில்லை. முறுக்குவது மட்டும் கூடிக்கொண்டே போனது.

"ஒரு சுளிப்பு உண்டா பாரு முகத்துல" என்று மாமா மெதுவாகச் சொல்வது கேட்டது. "அப்படியே போட்டோவுக்கு உக்காந்த மாதிரி."

ஜெயித்துவிடுவேன் என்று தோன்றியது.

"டாக்டர்" என்றார் அத்தை. "அந்த நம்பர் என்னது?"

"இவரோட இதயத் துடிப்பும்மா."

"என்னோடது எவ்வளவு வந்துச்சு?"

"நூத்தி நாலு."

"இது நூத்தி முப்பத்தெட்டுன்னு காட்டுதே."

"ஆமா. உக்காரும்போது எழுபத்திரண்டுதான் இருந்துச்சு."

"மெஷின் சரியா?"

"போன வாரம்தான் பாத்தாங்க."

"அப்போ இவருக்கு வலிக்குதா?"

"வலிக்குதான்னு அவர்தான் சொல்லணும். ஆனா உடம்பு ரொம்பத் திண்டாடுது. இவ்வளவு நான் பாத்ததில்ல. நூத்தி நாப்பத்தொண்ணு."

நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. "எடுடா கைய!" என்று யாரோ கத்தினார்கள். என் மணிக்கட்டை இரண்டு கைகள் பிடித்து இழுத்தன. தொட்டி சாய்ந்து பனிக்கட்டிகள் தரையில் ஓடின. அத்தை என் கையைத் தன் சேலையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை சிவந்து, விரல்கள் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவை நடுங்குவதை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"வலிச்சா சொல்ல மாட்டியா? வாய் எதுக்கு இருக்கு? ஏன்டா இப்படி உக்காந்திருந்த?"

"எப்ப எடுக்கணும்னு தெரியல."

மாமா தரையில் ஓடிய பனிக்கட்டிகளைக் காலால் ஒதுக்கினார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"ஏய், மாப்பிள்ளைய டா போட்டுட்ட."

அத்தை சட்டென்று என் கையை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். ஆறு வருடத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை. "நீங்க" என்பதற்குக் கீழே இறங்கியதும் இல்லை.

டாக்டர் கணினி முன் உட்கார்ந்து திகைத்தாள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. ஏன் முடிந்தது என்ற கட்டத்தில் மூன்று விடைகள்தான் இருந்தன: தானாக எடுத்தார், நேரம் முடிந்தது, கருவிக் கோளாறு.

"மாமியார் எடுத்தாங்கன்னு எங்கயும் இல்லையே. அம்மா, நீங்க இதுல எதுல வருவீங்க?"

"கருவிக் கோளாறுல போடும்மா" என்றார் மாமா.

நான் தாள் கேட்டேன். பிறவியிலேயே இப்படி என்று எழுதி ஒரு கையெழுத்து. அப்படி எதுவும் தருவதில்லை என்றாள். எழுநூறு பேரின் எச்சிலையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். ஒன்றரை வருடம் ஆகும். அப்போதும் தனி ஆளைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்களாம்.

"அப்போ இவருக்கு வலி கம்மியா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார் அத்தை.

"இன்னைக்குப் பாத்தத வெச்சு மட்டும் சொல்றேன். கம்மி மாதிரி தெரியல. உள்ள எல்லாம் ஓடுது. வெளிய வரல. ஏன்னு என்னால சொல்ல முடியாது."

மாமா இன்னொரு முறை கை வைத்துப் பார்க்க அனுமதி கேட்டு அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. பாப்பாவை நடுவில் உட்கார வைத்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அத்தையிடம் ஒரு துண்டு இருந்தது.

"பாப்பா, இத உங்கப்பாகிட்ட குடு. நல்லா சுத்தி வெச்சுக்கச் சொல்லு."

பாப்பா கொடுத்தாள். சுற்றிக்கொண்டேன். ஒப்பந்தத்தை மனதில் ஒரு முறை படித்துப் பார்த்தேன். எல்லாரையும் போல வலிக்கிறது, அழவில்லை. நூற்று நாற்பத்தொன்று. மறுக்க வழியில்லை.

"ஒண்ணாம் தேதிக்கு அவ துணியெல்லாம் எடுத்து வெச்சுடறேன் அத்தை."

அத்தை நேராக எதிர்ச் சுவரைப் பார்த்தார். "வைங்க."

"ஸ்கூல் பை?"

"அதுவும்தான்."

"தண்ணி பாட்டில் புதுசா வாங்கணும். மூடி ஒழுகுது."

"அவ்வளவுதானா?"

யோசித்தேன். "செருப்பு."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, உங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுவீங்க, சண்டை போடுவீங்கன்னு பாத்தேன். அந்த ஒரு வார்த்த வந்திருந்தா அன்னைக்கே எந்திரிச்சுப் போயிருப்பேன். நீங்க என்னடான்னா ஜீனுங்கறீங்க, ஐஸுங்கறீங்க. இப்ப செருப்பு எடுத்து வைக்கிறேங்கறீங்க."

துண்டுக்குள் விரல்களுக்கு உணர்வு திரும்பிக்கொண்டிருந்தது. நீருக்குள் இருந்ததைவிட இதுதான் மோசம்.

"வேணாம்" என்றேன்.

"என்னது?"

"கூட்டிட்டுப் போக வேணாம். அவ இல்லாம என்னால முடியாது. வீட்டுக்குள்ள போக முடியாது."

அத்தை அழ ஆரம்பித்தார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். பாப்பா என் காதருகே வந்து, "பாட்டிக்கு ஊசி போட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. அப்பா பேசிட்டேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. "பதினாறு!" என்று சொல்லிக்கொண்டே மாமா வந்தார். அத்தையின் நிலையைப் பார்த்து, "ரெண்டு செகண்ட் கூடினதுக்கா இவ்வளவு?" என்றார்.

பாப்பா என்னிடமே இருக்கிறாள். ஆனால் அத்தை சும்மா விட்டுவிடவில்லை. புது நிபந்தனை போட்டார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் போன் செய்து, அன்றைக்கு எங்கே வலித்தது என்று சொல்ல வேண்டும். சாப்பாடு, சளி, பாப்பாவின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் அப்புறம். முதலில் வலி.

முதல் நாள் ஏழு மணிக்குச் செய்தேன். மறுமுனையில் காய் நறுக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மாப்பிள்ளை. எங்க?"

"இடது தோள்."

"எடைக்கல்லு தூக்குறீங்க, தோள் வலிக்காம என்ன செய்யும்? அது சேத்தி இல்ல. வேற?"

கத்திச் சத்தம் நின்றது.

"ஒரு கடையில தராசு பாத்துட்டு இருந்தேன்" என்றேன். "ஒருத்தங்க வந்தாங்க. அவளோட சேலை மாதிரியே கட்டியிருந்தாங்க. அப்போ."

"எங்க வலிச்சுது?"

"கழுத்துக்குக் கீழ. இங்க." போனில் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் தொட்டுக் காட்டினேன்.

அத்தை அழுதார். காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். பின்னால், "என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு" என்று மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "பாட்டி, எனக்கு எங்கயும் வலிக்கல" என்றாள்.

"சரிடா கண்ணு" என்றது போன். "உங்கப்பாகிட்ட குடு. இன்னும் முடியல."